முன் சட்டம் இல்லாத நாற்காலி

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் சென்ற வாரம் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். பழைய பெட்டிப் பலகைகளைத் திருகாணி போட்டு இணைத்த, அளவு பார்க்கும் மாதிரி நாற்காலியின் படம். அதன் முன்னங்கால்களுக்கு நடுவே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு துடைப்பக்கட்டை கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. கீழே கேள்வி: “அக்கா, இது எதுக்கு? எல்லாத்தையும் இப்ப கம்ப்யூட்டர்லயே உட்கார வச்சுப் பார்த்துடறோம். இந்த நாற்காலிய தூக்கிப் போட்டுடலாமா? பாஸ்கிட்ட கேட்டா உங்ககிட்ட கேக்கச் சொல்றாங்க.”

பாஸ் அப்படித்தான். ஒரே வரியில் தானே சொல்லிவிடக்கூடியதையும் சொல்ல மாட்டார். கைபேசியில் பதில் தட்டத் தொடங்கினேன். கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னை ஓய்வுபெற்றவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு வயது முப்பத்தைந்து. ஆனால் மரத்தூள் பறக்கும் இடத்துக்குள் இனிமேல் போகவே கூடாது என்று நெஞ்சு மருத்துவர் சொன்ன பிறகு வேறு எந்தச் சொல்லும் பொருந்தவில்லை. முகமூடி மாட்டினோம். தூசி உறிஞ்சும் குழாயை என் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். தரையை ஈரத்துணியால் துடைத்தோம். எதுவும் என் மூச்சுக்குழாயைச் சமாதானப்படுத்தவில்லை. இப்போது வீட்டிலிருந்தபடி ஒரு கட்டட நிறுவனத்துக்கு மாடிப்படிகள் வரைந்து கொடுக்கிறேன். கான்கிரீட் படிகள். தும்மல் வருவதில்லை. வேறு எதுவும் வருவதில்லை என்றும் சொல்லலாம்.

பாலிடெக்னிக்கில் மரத் தொழில்நுட்பம் படித்தேன். பிறகு சில காலம் ஏற்றுமதிக்கு அலமாரி செய்யும் தொழிற்சாலையில், தூள்பலகையை மரம் மாதிரி அச்சிட்ட காகிதத்தால் மூடும் பிரிவில் தரம் பார்த்தேன். அங்கிருந்து கிள்ளானில் இருந்த இந்தப் பட்டறைக்கு வந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நிறைய மணல்தாள் தேய்த்தேன்.

நாங்கள் செய்தது ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் பாணி மரச்சாமான்கள். தொழிற்சாலைப் பொருள்களின் போலிப் பகட்டு பிடிக்காதவர்கள் இங்கிலாந்தில் தொடங்கிய பாணி. தடித்த மரம், நேர்க்கோடுகள், கையால் செய்த வேலை. அதற்கெல்லாம் மேலாக, மரமும் மரமும் சேரும் மூட்டு மறையக் கூடாது. சட்டத்தின் நுனியை மெலிதாக இழைத்தால் அது கழுந்து. காலில் ஒரு துளை வெட்டி, அந்தக் கழுந்தைச் செருகி, மறுபக்கம் எட்டிப் பார்க்கும்படி விட்டு, அதில் ஆப்பு அடிப்போம். நாற்காலி எதனால் நிற்கிறது என்பது உட்காருகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இங்கிலாந்தில் ஓக் மரம். நாங்கள் நியாத்தோ, அதாவது வெந்து சிவந்த செங்கல் நிறத்தில் இருக்கும் நம் மலேசிய மரம்.

பட்டறையின் உரிமையாளர் லீலா. நாங்கள் எல்லோரும் பாஸ் என்றே கூப்பிட்டோம். வெளிநாட்டில் இந்த வேலையைக் கற்று வந்தவர், நாற்பதுகளின் நடுவில் இருந்தார். திட்ட மாட்டார். பாராட்டவும் மாட்டார். மூட்டில் மயிரிழை இடைவெளி இருந்தால் அதைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார். காலையில் வந்ததும் முதலில் வட்டத்தைத்தான் தேடுவோம். வட்டம் இல்லாத நாள் நல்ல நாள். எந்த நாற்காலியும் பட்டறையை விட்டுப் போவதற்கு முன்னால் ஒருநாள் அதில் உட்கார்ந்துதான் பாஸ் மதியச் சோறு சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்து அவர் எழுந்திருக்கும் விதத்தைப் பார்த்தே அது லோரி ஏறுமா, திரும்ப என் மேசைக்கு வருமா என்று சொல்லிவிடலாம்.

எங்கள் நாற்காலிகளுக்கு ஓர் அடையாளம் இருந்தது. முன்னங்கால்கள் இரண்டையும் கீழே இணைக்கும் அகலமான குறுக்குச் சட்டம். இரண்டு பக்கமும் கழுந்து வெளியே வந்து, கறுப்பு மரத்தில் ஆப்பு அடித்திருக்கும். மற்ற பட்டறைகளில் அந்தச் சட்டம் இருக்காது, இருந்தாலும் மெல்லியதாக இருக்கும். ஒரு வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும், “ஓ, லீலா நாற்காலியா?” என்று யாராவது கேட்டால் அது அந்தச் சட்டத்தைப் பார்த்துத்தான். அது அவருடைய கையெழுத்து மாதிரி.

இனி குமரேசன் அங்கிளின் நாற்காலி.

அவர் ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்றவர். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய வரிசை வீட்டில் மனைவி சரோஜா ஆன்டியோடு இருந்தார். நடுக்குவாதம். நடந்துவிடுவார், பேசிவிடுவார், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஆன்டிதான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். ஒருநாள் தூக்கும்போது ஆன்டியின் முதுகு பிடித்துக்கொண்டது. இனிமேல் யாரையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

டெங்கிலில் வேலை பார்த்த மகன் பிரகாஷ், பந்திங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு இடம் கேட்டு வைத்திருந்தார். நல்ல பையன்தான். முதல் நாள் பட்டறைக்கு வந்தபோது கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

“நான் ஒண்ணும் அப்பாவ துரத்தல, மேடம். அம்மாவும் விழுந்துட்டா ரெண்டு பேரையும் யாரு பாக்கறது? அவரா எழுந்திருச்சார்னா வீட்டுலயே இருக்கட்டும். இல்லேன்னா அங்க போறதுதான் சேஃப். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.”

கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். எங்கள் பாணியில், தாழ்வாக, ஆழமாக, முதுகு சாயும் நாற்காலி. “இதே மாதிரி வேணும். அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.”

பாஸ் படத்தைப் பார்த்தார். “படத்துல உட்கார்ந்திருக்கறவனுக்கு முப்பது வயசு. உங்க அப்பாவ கூட்டிட்டு வாங்க.”

மாதிரி நாற்காலி அதற்காகத்தான். பெட்டிப் பலகையில் கட்டியது. வாடிக்கையாளரை அதில் உட்கார வைத்து நான்கு அளவுகளை மாற்றி மாற்றிப் பார்ப்போம்: இருக்கையின் உயரம், ஆழம், கைப்பிடியின் உயரம், முதுகின் சாய்வு. நாற்காலி என்பது இந்த நான்கும்தான் என்று நான் நினைத்திருந்தேன். நான் மட்டும் இல்லை, பட்டறை மொத்தமும் அப்படித்தான் நினைத்தது.

அங்கிள் வந்தார். மருத்துவமனையில் எழுந்திருக்கச் சொல்லிக் கொடுத்திருந்த முறையை ஆன்டி மனப்பாடமாக வைத்திருந்தார். பள்ளிக்கூட டீச்சர் மாதிரி சத்தமாகச் சொன்னார்.

“நுனிக்கு வாங்க. ரெண்டு காலையும் பின்னால இழுங்க. மூக்கு கால் விரலுக்கு மேல வரட்டும். இப்ப கைய ஊனித் தள்ளுங்க.”

“இவ சொல்றதப் பாத்தா நான் ராக்கெட்ல போறேன்னு நெனப்பீங்க” என்றார் அங்கிள். ஆனால் எழுந்துவிட்டார். இருக்கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினோம். இன்னும் சுலபமாக எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை மாதிரி அதையே செய்துகொண்டிருந்தார். ஆன்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்தார்.

நாற்காலியைச் செய்தோம். வழக்கமான அளவைவிட உயரமான இருக்கை. கை முழுவதையும் ஊன்ற இடம் கொடுக்கும் அகலமான கைப்பிடிகள், நுனியில் விரல் பற்றிக்கொள்ள உருட்டி விட்டது. கழுந்துகளை மைதீன் அண்ணன் வெட்டினார். ராமநாதபுரம் பக்கம் கடலோர ஊர்க்காரர், வேலை பெர்மிட்டில் வந்து எங்களோடு இருந்தார். உளி பிடித்துவிட்டால் பேச்சு நிற்காது. “தங்கச்சி, இந்த நாற்காலில ஒக்காந்தா செத்தவனும் எந்திரிச்சிருவான்” என்றார். நான் இழைத்தேன், தேய்த்தேன், எண்ணெய் பூசினேன். பாஸ் அதில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார், லேசாக எழுந்தார். எங்கும் சுண்ண வட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பிரிக்ஃபீல்ட்ஸில் இறக்கினோம். பாஸும் வந்திருந்தார். கூடத்தில், சன்னலைப் பார்த்து வைத்தோம். அங்கிள் உட்கார்ந்து கைப்பிடியைத் தடவினார். கழுந்து வெளியே வந்திருந்த இடத்தில் விரல் நின்றது. “இத்தன நல்லா செஞ்சிட்டீங்களே, எழுந்திருக்க மனசே வராதே” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

ஆன்டி ஆரம்பித்தார். “நுனிக்கு வாங்க.” வந்தார். “கால பின்னால இழுங்க.”

டொக் என்று ஒரு சத்தம்.

“மூக்கு முன்னால. தள்ளுங்க.”

கைகள் நடுங்கின, உடம்பு ஓர் அங்குலம் எழும்பியது, பின்னால் விழுந்தது. மறுபடி. டொக். விழுந்தார். மூன்றாவது முறை ஆன்டி தன்னை அறியாமல் கையை நீட்டிக்கொண்டு போனார். மைதீன் அண்ணன் பாய்ந்து குறுக்கே நின்று, “ஆன்டி, நீங்க தொடாதீங்க” என்றார்.

பாஸ் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து அங்கிளின் பாதங்களைப் பார்த்தார்.

“அங்கிள், இன்னொரு தடவை.”

“எதுக்குமா? சிக்னல் எல்லாம் சரியாத்தான் விழுந்திருக்கு” என்றார் அங்கிள், மூச்சு வாங்க. “தண்டவாளத்துல கட்டை கெடக்கு. வண்டி எப்படிப் போகும்?”

அவர் குதிகால்கள் இரண்டும் முன் சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தன. முட்டிக்குப் பின்னால் போக வேண்டிய பாதம் நாற்காலியின் வாசலிலேயே நின்றது. நல்ல கால் உள்ளவர்களுக்கு அது தெரியாது. பாதத்தைப் பின்னால் இழுக்காமலே தொடையின் பலத்தில் எழுந்துவிடுவோம். பாஸ் சோறு சாப்பிட்டுவிட்டு எழுந்ததும் அப்படித்தான். மாதிரி நாற்காலியில் அந்தச் சட்டமே கிடையாது. பலகைப் பெட்டிக்குச் சட்டம் எதற்கு? எந்த மாதிரியிலும் நாங்கள் அதைப் போட்டதில்லை. அளந்த அளவெல்லாம் சரி. அளக்காமலே எல்லா நாற்காலியிலும் போட்டுவந்த ஒன்று குறுக்கே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பிரகாஷ் வருவதாக இருந்தது. வந்து பார்த்து, முடிவு சொல்வதாக.

என் தலையில் வரிசையாக ஓடியது. சட்டத்தைக் கழற்ற முடியுமா? முடியாது. ஆப்பு அடித்து இறுகியது, தட்டினால் கால் பிளக்கும். பின்னால் தள்ளி வைக்கலாமா? புதிதாகப் பக்கச் சட்டங்கள் வெட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆகாது. உயரத்தில் மாற்றினால்? அதே கதைதான். மிச்சம் இருந்தது ஒன்று. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அது அவருடைய சட்டம்.

பாஸ் எழுந்திருக்காமலே என்னைக் கேட்டார். “மினி. இத எடுத்துட்டா தாங்குமா?”

மேலே இருக்கையைத் தாங்கும் முன் சட்டம் அகலமானது, இரண்டு மர ஆணி போட்டது. பக்கங்களிலும் பின்னாலும் கீழ்ச் சட்டம் இருந்தது. அங்கிளின் எடையையும், அவர் தொப்பென்று விழுவதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன். “தாங்கும், பாஸ்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

சட்டைப் பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்தார். வட்டம் போடவில்லை. சட்டத்தின் இரண்டு முனைகளிலும், காலை ஒட்டி, ஒவ்வொரு கோடு போட்டார்.

“மைதீன், ரம்பம் எடுத்துட்டு வா.”

“பாஸ்…” மைதீன் அண்ணனின் பேச்சு முதன்முறையாக நின்றது. “இது உங்க…”

“தெரியும் லா. எடுத்துட்டு வா.”

பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்தோம். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மைதீன் அண்ணன் அறுத்தார். தான் கழுந்து வெட்டிய சட்டத்தைத் தானே அறுப்பது எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. சட்டம் விழுந்தது. காலின் உள்பக்கம் இரண்டு வெட்டுமுகங்கள், பச்சைக் காயம் மாதிரி வெளிறித் தெரிந்தன. வெளிப்பக்கம் ஆப்பு அடித்த கழுந்து அப்படியே அழகாக நின்றது, எதையும் பிடித்துக்கொள்ளாமல்.

“மரத்தூள்ல பசை கொழைச்சுப் பூசி, சாயம் குடுத்துட்டா யாருக்கும் தெரியாது பாஸ்” என்றார் மைதீன் அண்ணன்.

“தெரியட்டும். எதையும் மறைக்க மாட்டோம்னுதானே கடை வச்சிருக்கேன்.” குரல் உயரவில்லை. “இங்க ஒரு சட்டம் இருந்துச்சு. இப்ப இல்ல. அவ்ளோதான்.”

அன்றைக்கு அங்கிள் மறுபடி முயற்சி செய்யவில்லை. களைத்துப் போயிருந்தார். மைதீன் அண்ணன்தான் அவரைத் தூக்கிக் கட்டிலில் விட்டார். கிள்ளானுக்குத் திரும்பும் வழியெல்லாம் நெரிசல். லோரியில் யாரும் வானொலியைப் போடவில்லை.

வெட்டுமுகம் எண்ணெயை நிறையக் குடிக்கும். ஒரு பூச்சு காய்ந்த பிறகு இன்னொன்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அதைப் பூச என்னை அனுப்பினார் பாஸ். பூசி முடித்துத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அங்கிள் நாற்காலியில் இருந்தார். “கழுதைக்கு லாடம் அடிக்கற மாதிரி என் காலடியிலயே கெடக்கியே” என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். ஆன்டி அடுக்களையில் வடை மாவில் கை வைத்திருந்தார். வாசலில் கார் சத்தம், பிறகு கேட்டை ஆட்டும் சத்தம்.

“இருங்க, கைய கழுவிட்டு வரேன்” என்று உள்ளிருந்து ஆன்டி.

நான் எழுந்தேன். அங்கிள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “நீ ஒக்காரு.”

யாரும் வரிசையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நுனிக்கு வந்தார். பாதங்கள் பின்னால் போயின. நான் என்னை அறியாமல் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மூக்கு முன்னால் வந்தது. கைகள் ஊன்றின. முதல் தடவை விழுந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி முன்னால் வந்தார். முட்டி நடுங்கியது, இடுப்பு மேலே வந்தது, நிமிர்ந்தார். சாவியை ஆணியிலிருந்து எடுக்கவே அவருக்குச் சற்று நேரமானது. சிறு சிறு அடியாக வைத்து வாசலுக்குப் போனார்.

கேட்டுக்கு வெளியே பிரகாஷ் அசையாமல் நின்றார். “அம்மா எங்க?”

“அடுப்படியில. ஏன், நான் தொறந்தா கேட்டு தொறக்காதா?”

சாவி பூட்டுக்குள் போக மறுத்துக்கொண்டே இருந்தது. பிரகாஷ் வாங்கித் தானே திறந்துவிடலாம். அவர் கையை நீட்டவில்லை. அப்பா திறந்து முடிக்கும் வரை வெயிலில் நின்றார்.

பந்திங் பேச்சு அதன் பிறகு எடுக்கப்படவில்லை. அங்கிள் கடைசி வரை அந்த வீட்டிலேயே இருந்தார்.

பட்டறைக்குத் திரும்பியபோது மாதிரி நாற்காலியின் முன்னங்கால்களில் துடைப்பக்கட்டை கட்டியிருந்தது. யார் கட்டியது என்று கேட்கவில்லை, கடலோரத்து முடிச்சு, பார்த்தாலே மைதீன் அண்ணன் என்று தெரிந்தது. அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லோரும் கட்டையோடுதான் உட்கார்ந்து எழுந்தார்கள். பலருக்கு அது இடிக்கவில்லை, அவர்கள் நாற்காலிக்குச் சட்டம் போட்டோம். சிலருக்கு இடித்தது, அவர்களுடையதற்குப் போடவில்லை. ‘லீலா நாற்காலியா?’ என்ற கேள்வி குறைந்துபோனது. பாஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கணினியில் உட்கார வைத்துப் பார்ப்பது நல்லதுதான். எனக்கும் அது தெரியும், தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். ஆனால் கேட்டதற்குத்தான் அது பதில் சொல்லும். குதிகால் எங்கே போகும் என்று நாங்கள் கேட்கவே இல்லை. கட்டையை அவிழ்க்காதீர்கள்.

நான் பட்டறையில் செய்த கடைசி வேலையும் அந்த வீட்டில்தான். அங்கிள் போய்ச் சில மாதங்கள் கழித்துப் பிரகாஷ் கூப்பிட்டார். அப்பாவின் ஞாபகமாக நாற்காலியைப் பழையபடி முழுசாக்கித் தர முடியுமா, முன் சட்டத்தைத் திரும்பப் பொருத்த முடியுமா என்று கேட்டார். பாஸ் என்னை அளவெடுக்க அனுப்பினார். அப்போதே எனக்கு மாடிப்படி ஏறினால் இரைக்கும்.

ஆன்டி அந்த நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெட்டுமுகங்கள் கறுத்து, மற்ற மரத்தின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தன.

“பழைய துண்டே இருக்கு” என்றார் பிரகாஷ். “அதையே ஒட்டிடலாமா? அம்மா, அது எங்க?”

“பின்கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன். எடுத்தா கதவு அடிச்சுக்கும்.”

“புதுசாவே போடுவாங்கம்மா. அப்பாதான் இப்ப இல்லையே. இது இப்படி ஊனமா எதுக்கு இருக்கணும்?”

ஆன்டி கீரைத் தட்டைக் கீழே வைத்தார். நுனிக்கு வந்தார். இரண்டு பாதங்களையும் பின்னால், சட்டம் இருந்த இடத்தைத் தாண்டி இழுத்தார். முன்னால் சாய்ந்து, கைப்பிடியில் கை ஊன்றி, மெதுவாக எழுந்து நின்றார்.

“அளவெல்லாம் எடுக்க வேணாம்மா” என்றார் என்னிடம். “டீ போடறேன், குடிச்சிட்டுப் போ. நானும் இதுலேர்ந்துதானே எழுந்திருக்கணும்.”